செய்மதியில் துணிக்கை உணரிகள் ஏன் மூலைக்கு மூலை நிற்கின்றன?

ஹட்டன் பக்கத்தில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஆய்வுச் செய்மதிகளின் படங்களைப் பார்த்தால், துணிக்கைகளை அளக்கும் கருவிகள் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், இன்னொன்று சாய்ந்து என்று மூலைக்கு மூலை ஒட்டி வைத்த மாதிரி இருக்கின்றன. இடம் கிடைத்த இடத்தில் பொருத்திவிடுகிறார்களா? நல்ல பெரிய உணரி ஒன்றை நடுவில் வைத்தால் போதாதா?"

போதாது தம்பி. இடம் கிடைத்த இடத்தில் வைப்பதும் இல்லை. ஒரு செய்மதியைத் திட்டமிடும்போது கருவிக் குழுக்களுக்குள் இழுபறி நடப்பதே பெரும்பாலும் இந்த இடத்துக்காகத்தான். காரணம் எளிது. துணிக்கை உணரிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஏதோ வந்து மோதியது, இவ்வளவு சக்தியை விட்டுவிட்டுப் போனது. எந்தத் திசையில் இருந்து வந்தது, வந்தது புரோத்தனா இலத்திரனா என்பதெல்லாம் தனியாக நிற்கும் ஓர் உணரிக்குத் தெரியவே தெரியாது. அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் நாம் அந்த விடைகளைப் பிடிக்கிறோம்.

ஜூன் மாத மழையை நினைத்துப் பாருங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை நேராகக் கொட்டாது, காற்றோடு சாய்ந்து அடிக்கும். லயத்தின் ஒரு பக்கச் சுவர் ஊறிப்போய் நிற்கும், மறுபக்கத் திண்ணையில் விறகு காய்ந்தே கிடக்கும். இப்போது லயத்தைச் சுற்றி எட்டு வாளிகளைச் சரித்து வையுங்கள். ஒரு வாளியைத் தனியாகப் பார்த்தால் தண்ணீர் மட்டம் மட்டும்தான் தெரியும். எட்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்றே சொல்லிவிடலாம். கூரைத் தகரத்தின் விளிம்புக்குக் கீழே ஒரு வாளியை வைத்திருந்தால் அது மழையை அளக்காது, கூரையில் இருந்து வழிவதைத்தான் அளக்கும். செய்மதியிலும் இதே இரண்டு கவலைகள்தான்: எத்தனை திசைகளைப் பார்ப்பது, செய்மதியின் சொந்த உடம்பு அளவீட்டைக் கெடுக்காமல் எப்படித் தப்புவது.

ஒரு வித்தியாசம் உண்டு. மழைத்துளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. விண்வெளித் துணிக்கைகள் அப்படியல்ல. சூரியனில் இருந்து ஓயாமல் வீசும் துணிக்கை ஓட்டமான சூரியக் காற்றில் வரும் ஒரு புரோத்தன் நொடிக்கு 400 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலும் அதன் சக்தி 1 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்குக் கொஞ்சம் குறைவுதான். (இலத்திரன்வோல்ற்று என்பது துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு. கிலோ என்றால் ஆயிரம், மெகா என்றால் பத்து இலட்சம்.) விண்மீன் மண்டலத்தில் இருந்து வரும் அண்டக்கதிர்களோ கோடிக்கணக்கான, சில நேரம் கோடி கோடி இலத்திரன்வோல்ற்றுச் சக்தியோடு வருகின்றன. இத்தனையையும் பிடிக்க ஒரே கருவியால் முடியாது. அதனால்தான் படத்தில் அத்தனை பெட்டிகள் தெரிகின்றன.

முதலில் பெட்டிக்குள் என்ன ஒழுங்கு என்று பார்ப்போம். தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் அறைக்குப் போயிருப்பீர்கள். ஒன்றின் கீழ் ஒன்றாகச் சல்லடைகள், மேலே பெரிய கண், கீழே சின்னக் கண். தூள் எந்தத் தட்டில் நின்றதோ அதுவே அதன் தரம்: ஒன்று பி.ஓ.பி. என்று பிரியும், கடைசியில் டஸ்ட் விழும். நடுத்தர, உயர் சக்தித் துணிக்கைகளுக்கான கருவியும் ஏறக்குறைய இப்படித்தான். மெல்லிய சிலிக்கன் வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். இதைத் தொலைநோக்கி என்றே அழைக்கிறார்கள், உள்ளே கண்ணாடி வில்லை எதுவும் கிடையாது. 1 மெகா இலத்திரன்வோல்ற்றுப் புரோத்தன் சிலிக்கனுக்குள் 16 மைக்ரோமீற்றர் அளவுக்குப் போய் நின்றுவிடும். அதுவே 10 மெகா என்றால் 0.7 மில்லிமீற்றர் போகும். 100 மெகா என்றால் 4 சென்ரிமீற்றர் தாண்டும். ஆகவே எத்தனையாவது வில்லையில் நின்றது என்று பார்த்தாலே சக்தி பிடிபட்டுவிடும்.

சல்லடை உவமை இங்கே ஓர் இடத்தில் சறுக்கும். சல்லடை தூளைத் தடுக்கும் அல்லது விடும், அவ்வளவுதான். சிலிக்கன் வில்லையோ, துணிக்கையைத் தன் ஊடாக விட்டுவிட்டு, போகிற போக்கில் அது இழந்த சக்தியையும் குறித்துக்கொள்கிறது. முதல் மெல்லிய வில்லையில் கொஞ்சம் இழந்து, இரண்டாவது தடித்த வில்லையில் மிச்சம் எல்லாவற்றையும் இழந்து நின்றால், அந்த இரண்டு எண்களையும் வரைபில் போட்டுப் பார்க்கலாம். புரோத்தன்கள் ஒரு வளைகோட்டில் விழும். ஈலியம் அதற்கு மேலே இன்னொரு கோட்டில் விழும். ஏற்றம் கூடிய துணிக்கை ஒரே தூரத்துக்குள் அதிகம் இழக்கும் என்பதுதான் இதன் இரகசியம். எது வந்தது என்ற கேள்விக்கு விடை இந்த அடுக்கில் இருந்துதான் வருகிறது. ஒரே தடித்த வில்லையை வைத்திருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. நடுவில் பெரிதாக ஒன்று போதாதா என்ற உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

இந்த அடுக்கின் பக்கவாட்டிலும் பின்னாலும் இன்னோர் உணரியைச் சுற்றி வைப்பதும் உண்டு. அது காவல்காரன். பக்கவாட்டில் இருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு துணிக்கை வந்தால் காவல்காரனும் உள்ளிருக்கும் வில்லையும் ஒரே நேரத்தில் துடிக்கும். உடனே மின்சுற்று அந்த நிகழ்வைத் தள்ளிவிடும். வாசல் வழியாக வந்து, அடுக்கின் வில்லைகளை ஒழுங்காகத் தட்டி, காவல்காரனைத் தொடாமல் இருந்தால் மட்டுமே கணக்கில் சேரும். வாசலிலும் வளையம் வளையமாக உலோகத் தடுப்புகள் இருக்கும். அவைதான் பார்வையைக் கூம்பு மாதிரிக் குறுக்குகின்றன.

வெளிச்சுவருக்கு எந்த உலோகம் போடுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாசா 2012 ஓகஸ்ட் 30 அன்று அனுப்பிய வான் அலன் இரட்டைச் செய்மதிகளில் மிக உயர்ந்த சக்தித் துணிக்கைகளுக்கான தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதன் சுவரில் வெளியே அலுமினியம், உள்ளே டங்ஸ்டன். பாரம் கூடிய டங்ஸ்டனை வெளியே போட்டால் என்ன என்று தோன்றும். வேகமான இலத்திரன் பாரமான உலோகத்தில் மோதி நின்றால் எக்ஸ்கதிர்கள் அதிகமாகப் பிறக்கும். அலுமினியத்தில் மோதினால் குறைவு. ஆகவே முதலில் அலுமினியத்தில் இலத்திரனைத் தளர விட்டு, அப்படியும் பிறக்கிற எக்ஸ்கதிரை டங்ஸ்டனிடம் விழுங்கக் கொடுக்கிறார்கள். வரிசை மாறினால் கவசமே கருவிக்குக் கெடுதல்.

இந்த அடைப்பின் அருமை தெரியாமல் நடந்த பழைய கதை ஒன்று உண்டு. 1958 ஜனவரி 31 இரவு அமெரிக்கா எக்ஸ்புளோரர் 1 செய்மதியை ஏவியது. அதில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் அலன் வைத்தது கதிர்வீச்சை எண்ணும் ஒரே ஒரு கைகர் எண்ணி. தாழ்ந்த உயரத்தில் நொடிக்கு சில பத்து எண்ணிக்கை ஒழுங்காக வந்தது. உயரம் கூடியதும் சில இடங்களில் சுழி. ஒன்றுமே இல்லை. துணிக்கைகளே இல்லையா, கருவி செத்துவிட்டதா? இரண்டும் இல்லை. துணிக்கைகள் அளவுக்கு மீறி வந்ததால் எண்ணி மூச்சுத் திணறி வாயடைத்துப் போயிருந்தது. வான் அலனின் மாணவர் கார்ல் மக்கில்வெயின், அதே மாதிரி எண்ணி ஒன்றைப் பலமான எக்ஸ்கதிருக்கு முன்னால் வைத்து, அது எண்ணாமல் நின்றுபோவதைக் காட்டினார். மார்ச் மாதம் போன எக்ஸ்புளோரர் 3 நாடாவில் பதிந்து அனுப்பிய தரவும் சேர்ந்தபோதுதான் பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சுப் பட்டைகள் இருப்பது உறுதியானது. சுழி என்று வந்த எண்ணுக்குள் அவ்வளவு பெரிய விடயம் ஒளிந்திருந்தது. இன்றைக்கு ஒரே வகைத் துணிக்கையைச் சின்ன வாசல் உள்ள உணரி ஒன்றும் பெரிய வாசல் உள்ள உணரி ஒன்றும் சேர்ந்து பார்ப்பதை நீங்கள் கண்டால் அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒன்று வாயடைத்தால் மற்றது பேசும்.

சக்தி குறைந்த துணிக்கைகளுக்குச் சிலிக்கன் சரிப்படாது. வில்லையின் மேற்தோலிலேயே நின்றுவிடும். அவற்றுக்கு வேறு தந்திரம்: ஒரு சிரட்டைக்குள் இன்னொரு சின்னச் சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி இரண்டு அரைக்கோளங்கள், இடையில் மெல்லிய இடைவெளி. இரண்டுக்கும் நடுவில் மின்னழுத்தம் கொடுத்தால், குறிப்பிட்ட சக்தி உள்ள துணிக்கை மட்டுமே வளைந்து வளைந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும். சக்தி கூடியது வெளிச்சுவரில் முட்டும், குறைந்தது உள்சுவரில் முட்டும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால் எல்லாச் சக்திகளையும் வரிசையாகச் சலித்து எடுத்துவிடலாம். வெளிக்கோளத்தின் உச்சியில் ஓர் ஓட்டையும் அதற்கு மேலே ஒரு தொப்பியும் இருப்பதால் 360 பாகையிலும் சுற்றிவரத் துணிக்கைகள் நுழைய முடியும். உயர்ந்த தொப்பி என்று பொருள்படும் பெயரில்தான் இந்த அமைப்பு வழங்குகிறது. ஆனால் அது பார்ப்பது ஒரு தட்டையான வட்டத்தை மட்டும்தான், தோசைக்கல் மாதிரி. வட்டத்துக்கு மேலும் கீழும் இருப்பது தெரியாது. அதை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் செய்மதிக்குச் செய்மதி ஒழுங்கு மாறுகிறது.

முதலாவது வழி, செய்மதியையே சுழல விடுவது. தட்டையான பார்வை உள்ள கருவியைச் சரியான பக்கத்தில் பொருத்திவிட்டால், செய்மதி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் வானம் முழுவதும் அளக்கப்பட்டுவிடும். வான் அலன் செய்மதிகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 தடவை சுழன்றன. அதாவது முழு வானத்தையும் ஒரு தடவை பார்க்க 12 நொடி. கதிர்வீச்சுப் பட்டைக்கு அது போதும். பட்டை அவ்வளவு அவசரமாக மாறாது.

அவசரமாக மாறுகிற இடமும் உண்டு. பூமியின் காந்தப்புலமும் சூரியனின் காந்தப்புலமும் ஒன்றோடொன்று வெட்டி ஒட்டிக்கொள்ளும் எல்லையில், இலத்திரன்கள் சம்பந்தப்பட்ட காரியம் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் 2015 மார்ச்சில் நாசா எம்.எம்.எஸ். என்ற நான்கு செய்மதிகளை அனுப்பியது. அவையும் சுழல்கின்றன, ஆனால் ஒரு சுற்றுக்கு 20 நொடி. அதற்குள் பார்க்க வேண்டியது பறந்துவிடும். ஆகவே சுழற்சியை நம்பாமல், எண்கோண வடிவச் செய்மதியின் விளிம்பைச் சுற்றி இலத்திரனுக்கு 8, அயனுக்கு 8 என்று உணரித் தலைகளைப் பதித்தார்கள். இரண்டிரண்டு தலைகள் ஒரு பெட்டியில். ஒவ்வொரு தலையும் உள்ளே நுழையும் பாதையை மின்புலத்தால் அப்படி இப்படி வளைத்துப் பக்கத்து இடைவெளியையும் பார்த்துக்கொள்ளும். விளைவு, முழு வானத்து இலத்திரன்களின் படம் 30 மில்லிநொடியில், அயன்களின் படம் 150 மில்லிநொடியில். லயத்தைச் சுற்றி எட்டு வாளி என்று நான் சொன்னது இதை மனதில் வைத்துத்தான். என்னைக் கேட்டால், உணரிகளை அடுக்கும் கலையில் இதுவரை வந்தவற்றுள் அழகானது இதுதான். நான்கு செய்மதிகளும் ஒரு நான்முகியின் மூலைகளில் நிற்பது போலச் சேர்ந்தே பறந்தது அதற்கு மேல் ஓர் ஒழுங்கு.

சுழலவே கூடாத செய்மதிகளும் இருக்கின்றன. நம் பக்கத்து நாட்டின் ஆதித்யா எல் 1 அப்படி. 2023 செப்டெம்பர் 2 அன்று ஸ்ரீஹரிக்கோட்டாவில் இருந்து ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று பூமியில் இருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளியுள்ள சமநிலைப் புள்ளியைச் சுற்றும் பாதையில் நின்றது. திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. அதில் 7 கருவிகள். 4 கருவிகள் சூரியனைத் தூர நின்று பார்ப்பவை, 3 கருவிகள் தம்மைக் கடந்து போவதைத் தொட்டு அளப்பவை. சூரியனைப் படம் எடுக்கும் தொலைநோக்கி இருப்பதால் செய்மதி எப்போதும் சூரியனையே பார்த்து நிற்க வேண்டும். சுழன்றால் படம் கலங்கிவிடும். துணிக்கைக்காரர்களுக்கோ எல்லாத் திசையும் வேண்டும். என்ன செய்வது?

இரண்டு வேலை செய்தார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுகூடம் செய்த கருவியில், நான் சொன்ன தொப்பி வகை அளவி ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பூமி சூரியனைச் சுற்றும் தளத்தில் 360 பாகையும் பார்க்கும், மற்றது அதற்குச் செங்குத்தான தளத்தில் 360 பாகையும் பார்க்கும். இரண்டு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகச் செருகிய மாதிரி. அப்புறம், அதே கருவியின் இன்னொரு பகுதியில் சக்தி கூடிய துணிக்கைகளுக்கு 6 தனித்தனி உணரிகள். ஒன்று நேரே சூரியப் பக்கம், ஒன்று பூமிப் பக்கம், ஒன்று வடக்கு, ஒன்று தெற்கு. மீதி இரண்டும்தான் சுவாரசியமானவை: ஒன்று சூரியனில் இருந்து ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து நிற்கிறது, மற்றது அந்தச் சாய்வுக்கும் சூரியத் திசைக்கும் நடுவில்.

ஏன் 45 பாகை? சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே காற்றை ஊதுகிறது. நாற்று வளர்க்கும் இடத்தில் சுழன்று சுழன்று தண்ணீர் தெளிக்கும் குழாயைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துளியும் நேராகத்தான் பறக்கிறது, ஆனால் துளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் சுருள் வரும். சூரியனின் காந்தப்புலக் கோடுகளும் அப்படியே சுருண்டு, பூமி இருக்கும் தூரத்தில் 45 பாகை அளவுக்குச் சாய்ந்துவிடுகின்றன. சூரியத் தீச்சுவாலையில் பிறக்கும் வேகமான துணிக்கைகள் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வருவதால், அவை வந்து சேர்வது சூரியனின் திசையில் இருந்தல்ல, அந்தச் சாய்வில் இருந்து. சூரியத் துணிக்கைதானே என்று எல்லா உணரிகளையும் சூரியனை நோக்கி வைத்திருந்தால் நல்ல பங்கு தவறிப்போயிருக்கும். 2023 செப்டெம்பர் 10 அன்று, செய்மதி பூமிக்கு அருகிலேயே இருந்தபோது இந்த 6 உணரிகளும் இயக்கப்பட்டுவிட்டன. 20 கிலோ முதல் 5 மெகா இலத்திரன்வோல்ற்று வரை, ஒரு நியூக்கிளியோனுக்கு (கருவில் உள்ள புரோத்தன் அல்லது நியூத்திரன் ஒன்றுக்கு) இவ்வளவு என்ற கணக்கில் அயன்களை அளக்கும். 1 மெகாவுக்கு மேற்பட்ட இலத்திரன்களையும் எண்ணும்.

காந்தக் கோடு என்று அடிக்கடி சொல்கிறேன். துணிக்கை வேலைக்குக் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி கூடவே வேண்டும். ஏற்றம் உள்ள துணிக்கை காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருளாகப் போகும். அது கோட்டோடு எவ்வளவு சாய்வாகப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த முனையில் திரும்பி வருமா, வளிமண்டலத்துக்குள் விழுந்து தொலையுமா என்பது. கோட்டின் திசை தெரியாவிட்டால் உணரி பார்த்த திசைக்கே அர்த்தமில்லை. ஆனால் செய்மதிக்குள் ஓடும் மின்னோட்டங்களே காந்தப்புலத்தை உண்டாக்கும். அதனால் காந்தமானியை மட்டும் ஒரு நீண்ட கையின் நுனியில் தள்ளி வைப்பார்கள். ஆதித்யாவில் 6 மீற்றர்க் கை, நுனியில் ஒரு காந்தமானி, 3 மீற்றரில் இன்னொன்று. இரண்டின் வேறுபாட்டில் இருந்து செய்மதி தானே உண்டாக்கிய புலத்தைக் கழித்துவிடலாம். ஏவும்போது மடிந்திருந்த கையை 2024 ஜனவரி 11 அன்றுதான் விரித்தார்கள், விரிய எடுத்தது ஏறத்தாழ 9 நொடி.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விடயம் சொல்ல வேண்டும். பூமியின் காந்த மத்தியகோடு தென்னிந்திய முனையையும் நம் நாட்டின் வடக்கையும் ஒட்டி ஓடுகிறது. கேரளத்தின் தும்பாவை ரொக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்ததும் இதனால்தான். நம் தலைக்கு மேலே காந்தக் கோடுகள் ஏறக்குறைய கிடையாகக் கிடக்கின்றன. அமெரிக்காவின் பழைய துருவச் சுற்றுப்பாதை வானிலைச் செய்மதிகளில் துணிக்கைத் தொலைநோக்கிகள் இரண்டு திசைகளில் இருந்தன: ஒன்று செங்குத்தாக மேலே பார்ப்பது, மற்றது அதற்கு 90 பாகையில். நோர்வேக்கு மேலே பறக்கும்போது காந்தக் கோடு கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதால், மேலே பார்க்கும் தொலைநோக்கி வளிமண்டலத்தில் விழப்போகும் துணிக்கைகளை எண்ணும். அதே தொலைநோக்கி பிறகு நுவரெலியாவுக்கு மேலே வந்தால், கோடு படுத்துவிட்டதால், அது எண்ணுவது கோட்டுக்குக் குறுக்கே சுற்றும் சிறைப்பட்ட துணிக்கைகளை. கருவி அசையவே இல்லை, ஆனால் அது விடையளிக்கும் கேள்வி மாறிவிட்டது. இதைக் கவனிக்காமல் இரண்டு இடத்து எண்களையும் நேராக ஒப்பிட்டுத் தடுமாறும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருகாலத்தில் நானும் தடுமாறியிருக்கிறேன்.

இனி, எங்கே வைக்கக் கூடாது என்பது. சூரிய ஒளி முதல் எதிரி. சிலிக்கன் வில்லைக்கு ஒளியும் துணிக்கையும் ஒன்றுதான், இரண்டும் மின்னைத் தட்டி எழுப்பும்.

இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டது செய்மதியில் அல்ல, ஒரு டொபித் தகரத்தில். சில வருடங்களுக்கு முன் என் மாணவர்களும் நானும் ஒரு சின்னச் சிலிக்கன் ஒளியுணரியைத் தகரத்துக்குள் வைத்து, வாசலைச் சமையலறை அலுமினியத் தாளால் மூடி, பெட்ரோமாக்ஸ் விளக்கின் பழைய மென்டிலைப் பக்கத்தில் பிடித்தோம். அந்தக் காலத்து மென்டில்களில் தோரியம் இருக்கும். துடிப்புகள் வந்தன, பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மென்டிலை எடுத்துவிட்டும் துடிப்பு வந்தது. மத்தியானம் வெயில் ஏறினால் கூடும், மூட்டம் வந்தால் குறையும். தாளில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. இரட்டைத் தாள் போட்டோம், ஒளி நின்றது, மென்டிலின் துடிப்பிலும் பெரும்பகுதி நின்றது. அதோடு முடியவில்லை. கொழுந்து லொறி பாதையில் போகும்போதெல்லாம் எண்ணிக்கை எகிறியது. அதிர்வில் தகரம் நடுங்க, அந்த நடுக்கத்தையும் எங்கள் பெருக்கி துணிக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தது. செய்மதியிலும் இதே தலைவலிகள் உண்டு: தாள் தடித்தால் சின்னத் துணிக்கை நுழையாது, மெலிந்தால் ஒளி நுழையும். ஆகவே முடிந்தவரை வாசலைச் சூரியனில் இருந்து திருப்பி வைக்கிறார்கள். செய்மதியைத் திருப்பும் சுழல்சக்கரங்களின் அதிர்வில் இருந்தும் தள்ளி வைக்கிறார்கள். அரைக்கோள அளவிகளின் உட்சுவரைக் கறுப்பாக்கிவிடுவதும் புறஊதா ஒளி துள்ளித் துள்ளி உள்ளே போகாமல் இருக்கத்தான்.

சின்னச் சின்னத் தடைகள் இன்னும் பல. உந்துபொறியின் புகை படும் பக்கம் வாசல் இருக்கக் கூடாது. சூரியத் தகடு பார்வைக் கூம்புக்குள் வந்தால் அந்தத் திசை குருடு. சிலிக்கன் குளிர்ந்திருந்தால்தான் இரைச்சல் குறையும், அதனால் நிழல் பக்கத்தில் வெப்பம் கழிக்கும் தகட்டோடு ஒட்டி நிற்க விரும்பும். செய்மதியின் மேற்தோல் எங்கும் மின் கடத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பகுதியில் ஏற்றம் தேங்கி, வரும் மெதுவான இலத்திரன்களைத் தள்ளிவிடும் அல்லது இழுத்துவிடும். அரைக்கோள அளவிகளுக்குள் சில ஆயிரம் வோல்ற்று ஓடும். ஏவியவுடனே அதைப் போட்டால், செய்மதியில் இருந்து கசியும் மிச்சக் காற்றில் பொறி பறந்து கருவி போய்விடும். அதனால் காத்திருந்து மெல்ல மெல்ல ஏற்றுவார்கள்.

சூரியனில் இருந்து திருப்பி வை என்ற விதியை மீறியே ஆக வேண்டிய இடமும் ஒன்று உண்டு. 2018 ஓகஸ்ட் 12 அன்று போன பார்க்கர் விண்கலம் சூரியனுக்கு மிக அருகில் போவதால், 11 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த வெப்பக் கவசத்தின் நிழலில் ஒளிந்துகொண்டே பறக்கிறது. ஆனால் சூரியக் காற்று வருவது கவசத்தின் பக்கமிருந்துதான். அதற்காக ஒரு கிண்ண வடிவ உணரியை மட்டும் கவசத்துக்கு வெளியே எட்டிப்பார்க்க வைத்தார்கள். அதில் மொலிப்தினம் கலந்த உலோகமும் டங்ஸ்டன் வலையும் இருக்கின்றன, வெயிலில் காய்வதற்கென்றே செய்தது. மற்ற அளவிகள் நிழலில் இருக்கின்றன, அவற்றில் ஒன்று கலம் பாய்ந்து போகும் பக்கத்தில். மழையில் நிற்கும் பஸ்ஸுக்கு கூரைதான் நனையும், ஓடும் பஸ்ஸுக்கு முன்கண்ணாடியும் நனையும் அல்லவா? பார்க்கர் சூரியனை நெருங்கும்போது வேகம் நொடிக்கு 190 கிலோமீற்றர் வரை போகிறது. காற்றின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகம். அதனால் சூரியக் காற்று சாய்ந்து, நிழலில் இருக்கும் அந்த முன்பக்க அளவிக்குள்ளும் விழுகிறது. ஓட்டத்தையே ஒழுங்கின் ஒரு பகுதியாக்கிவிட்டார்கள்.

மிகப்பெரிய சக்திக்குப் போனால் கதை தலைகீழ். 2008 ஜூன் 11 அன்று போன, காமாக் கதிர்களைப் பார்க்கும் பேர்மி செய்மதியில் கருவியைச் செய்மதியில் பொருத்தினார்கள் என்பதைவிடக் கருவிக்குக் கீழே ஒரு செய்மதியைப் பொருத்தினார்கள் என்று சொல்லலாம். 4க்கு 4 என்று 16 கோபுரங்கள், மேலே சிலிக்கனும் டங்ஸ்டன் தாளும், கீழே சீசியம் அயடைட்டுப் பளிங்குகள். முழுவதையும் போர்த்தி 89 ஓடுகளால் ஆன காவல்காரப் போர்வை. அதற்கு முந்திய தலைமுறைக் கருவியில் இந்தப் போர்வை ஒரே துண்டாக இருந்தது. பெரிய சக்திக் காமாக் கதிர் கீழே மோதி எழுப்பிய சிதறல் திரும்ப மேலே வந்து காவல்காரனைத் தட்ட, நல்ல நிகழ்வுகளையே அது தள்ளிவிட்டது. ஓடுகளாகப் பிரித்த பின்னர், கதிர் நுழைந்த ஓடு எது, சிதறல் தட்டிய ஓடு எது என்று பிரித்தறிய முடிந்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் கேட்க நினைத்திருக்கக்கூடிய ஒன்று. நம் நாட்டின் முதல் செய்மதியான ராவணா 1, 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து விடப்பட்டது. ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர்க் கனசதுரம், நிறையும் ஏறக்குறைய 1 கிலோ. அந்த அளவுப் பெட்டியில் நீங்கள் ஒரு துணிக்கை உணரியை வைக்க வேண்டும் என்றால், கைக்கு வருவது ஒரு முகம், ஒரு வாசல், இரண்டு சிலிக்கன் வில்லை. செய்மதியை மெல்லச் சுழல விட்டால் திசை கிடைக்கும், மூலையில் ஒரு சிறு காந்தமானி வைத்தால் சாய்வு கிடைக்கும். வில்லைகளில் எதை மெல்லியதாக வைப்பது, எந்த முகத்தைச் சூரியத் தகட்டுக்கு விட்டுக்கொடுப்பது என்று ஒரு கடதாசியில் வரைந்து பாருங்கள். 6 முகமும் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று தெரியும். வரைந்ததை அனுப்புங்கள், வாசலை எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.